நாய்க்கு நாய் ஒட்டும் புற்றுநோய்: மரபணு உறங்கினால் கட்டி வளரும், விழித்தால் கரையும்

வாசகர் கேள்வி: எங்கள் ஆட்டுப்பட்டியில் மூன்று வயதுக் கடுவன் நாய் ஒன்று காவலுக்கு இருக்கிறது. ஒன்றரை மாதமாக அதன் குறியிலிருந்து ரத்தம் சொட்டுகிறது. தோலைப் பின்னுக்குத் தள்ளிப் பார்த்தால் காலிஃபிளவர் பூவைப் போலச் சிவந்த கட்டி தெரிகிறது. 'இது புற்றுநோய், மற்ற நாய்களுக்கும் தொற்றும், ஆட்டுக்கும் வந்துவிடும், எங்காவது தூரத்தில் கொண்டுபோய் விட்டுவிடு' என்று பக்கத்துத் தோட்டத்தில் சொல்கிறார்கள். புற்றுநோய் தொற்றுமா? ஆடுகளுக்கும் பிள்ளைகளுக்கும் ஆபத்து உண்டா? நாயைக் காப்பாற்ற முடியுமா?

- ஆடு வளர்க்கும் வாசகர், திருப்பூர் மாவட்டம்

பதில்: பக்கத்துத் தோட்டத்தார் சொன்னதில் பாதி உண்மை, பாதி பயம். நாய்களுக்குள் தொற்றும் புற்றுநோய் ஒன்று இருப்பது உண்மை. வாசகர் எழுதியிருக்கும் அறிகுறிகளும் பெரும்பாலும் அதைத்தான் காட்டுகின்றன. ஆனால் அது ஆட்டுக்கும் மாட்டுக்கும் மனிதருக்கும் வருவதில்லை. நாய்களுக்கு வரும் புற்றுநோய்களில் மருந்துக்கு நன்றாகக் கட்டுப்படுகிற ஒன்றும் இதுவே. எனவே நாயைக் காப்பாற்ற முடியும். தூரத்தில் கொண்டுபோய் விடுவதுதான் செய்யக்கூடாத வேலை. நாய் அங்கே கவனிப்பில்லாமல் சாகும். சாவதற்குள் அந்த ஊர் நாய்களுக்கும் கட்டியைக் கொடுத்துவிடும்.

இந்த நோய் எப்படித் தொற்றுகிறது, எப்படிக் கரைகிறது என்பது புரிந்தால் சிகிச்சையைப் பாதியில் விடக்கூடாது என்பதும் புரிந்துவிடும். அதனால் சற்று விரிவாகவே பார்க்கலாம்.

ஒட்டுக்கன்று போல ஒரு கட்டி

பொதுவாகப் புற்றுநோய் தொற்றாது. ஓர் உடலின் சொந்தச் செல்களே கட்டுமீறிப் பெருகுவதுதான் புற்றுநோய். அந்த உடல் இறந்தால் அந்தச் செல்களும் அத்தோடு அழியும். சில புற்றுநோய்களுக்கு வைரஸ் காரணமாக இருப்பதுண்டு. அங்கேயும் ஒருவரிடமிருந்து ஒருவருக்குப் போவது வைரஸ்தான், புற்றுநோய்ச் செல் அல்ல.

இந்த நாய்க் கட்டியில் வைரசும் இல்லை, பாக்டீரியாவும் இல்லை. உயிருள்ள புற்றுநோய்ச் செல்லே ஒரு நாயிலிருந்து உதிர்ந்து இன்னொரு நாயின் உடலில் ஒட்டி வளர்கிறது. இனச்சேர்க்கையின்போது ஏற்படும் சிறு கீறல்கள் அதற்குப் போதும். நக்குவது, மோப்பம் பிடிப்பது, கடிப்பது ஆகியவற்றாலும் ஒட்டும். அதனால்தான் சில நாய்களுக்கு மூக்கிலும் வாயிலும் இதே கட்டி வருகிறது.

மாந்தோப்பு வைத்திருப்பவர்களுக்கு இது எளிதில் விளங்கும். ஒட்டு மாவில் வேர் ஒரு மரத்துடையது, மேலே காய்க்கும் கிளை வேறு மரத்துடையது. கிளையின் மரபணு தாய்மரத்தின் மரபணுதான், வேர்ச்செடியினுடையது அல்ல. தாய்மரம் பட்டுப்போன பிறகும் அதன் கிளை ஆயிரம் தோட்டங்களில் காய்த்துக்கொண்டிருக்கும். இந்தக் கட்டியும் அப்படியே. நாய் வேர்ச்செடி, கட்டி ஒட்டுக்கிளை. கட்டியின் தாய்மரமாக இருந்த நாய் செத்துப் பல ஆயிரம் ஆண்டுகள் ஆகிவிட்டன.

இது ஊகம் அல்ல. 1876-ல் ரஷ்யக் கால்நடை மருத்துவர் நோவின்ஸ்கி ஒரு நாயின் கட்டித்துண்டை இன்னொரு நாயின் உடலில் வைத்து வளர்த்துக் காட்டினார். அதற்கு 130 ஆண்டுகள் கழித்து, 2006-ல், லண்டனில் ராபின் வைஸ் குழுவினர் இத்தாலி, இந்தியா, கென்யா உள்ளிட்ட நாடுகளின் நாய்களிலிருந்து எடுத்த கட்டிகளின் மரபணுவை ஒப்பிட்டார்கள். எந்தக் கட்டியும் அது வளர்ந்த நாயின் மரபணுவோடு பொருந்தவில்லை. கட்டிகள் எல்லாம் ஒன்றோடொன்று பொருந்தின. ஒரே தாய்மரத்தின் ஒட்டுகள் என்பது அதில் உறுதியானது.

பிறகு கேம்பிரிட்ஜின் எலிசபெத் மர்ச்சிசன் குழுவினர் 43 நாடுகளிலிருந்து 546 கட்டிகளை ஆராய்ந்து 2019-ல் முடிவுகளை வெளியிட்டார்கள். அதன்படி இந்தப் புற்றுநோய் 4,000 முதல் 8,500 ஆண்டுகளுக்கு முன் ஆசியாவில் வாழ்ந்த ஒரு நாயின் உடலில் தொடங்கியது. மனிதர் போன இடமெல்லாம் நாயும் போனது, நாயோடு கட்டியும் போனது. அமெரிக்கக் கண்டத்துக்கு அது சென்று சேர்ந்து ஏறத்தாழ 500 ஆண்டுகள் ஆகின்றன.

இத்தனை காலம் வாழ்ந்ததில் கட்டியின் மரபணு சிதைந்துதான் போயிருக்கிறது. 2014-ல் ஆஸ்திரேலிய நாய் ஒன்றின் கட்டியையும் பிரேசில் நாய் ஒன்றின் கட்டியையும் முழுமையாகப் படித்தபோது ஏறத்தாழ 19 லட்சம் மாற்றங்கள் தெரிந்தன. ஆரோக்கியமான நாயின் செல்லில் 78 குரோமோசோம்கள் உண்டு. இந்தக் கட்டியின் செல்லில் 57 முதல் 64 வரைதான். பல குரோமோசோம்கள் ஒன்றோடொன்று ஒட்டிப்போயிருக்கின்றன. இவ்வளவு சிதைந்தும் அது சாகாமல் ஊர் ஊராகப் போவது எப்படி என்பதற்கு விடை, எந்த மரபணு இருக்கிறது என்பதில் மட்டும் இல்லை. எந்த மரபணு வேலை செய்கிறது, எது சும்மா இருக்கிறது என்பதிலும் இருக்கிறது.

மரபணு இருப்பது வேறு, வேலை செய்வது வேறு

ஒரு நெற்பயிரின் வேரிலும் தாளிலும் மணியிலும் இருப்பது ஒரே மரபணுத் தொகுப்புதான். ஆனாலும் வேர் நீரை உறிஞ்சுகிறது, மணியில் மாவு சேர்கிறது. வேரில் சில மரபணுக்கள் வேலை செய்கின்றன, மணியில் வேறு சில. நாயின் உடலிலும் ஈரல், தோல், ரத்தம் எல்லாம் இப்படித்தான் வேறுபடுகின்றன.

வேலை செய்யாத மரபணு அழிந்துபோன மரபணு அல்ல. செத்த விதைக்கும் உறக்கத்தில் உள்ள விதைக்கும் உள்ள வேறுபாடு விவசாயிகளுக்குத் தெரியும். அறுத்த உடனே முளைக்காத நிலக்கடலை விதை செத்ததல்ல. உறக்கம் கலைந்தால் முளைக்கும். மரபணுவை உறங்கச் செய்யும் வழிகளில் ஒன்று மீத்தைல் என்ற சிறு வேதித்துணுக்கு அதன்மேல் ஒட்டிக்கொள்வது. மரபணுவின் எழுத்து அதனால் மாறுவதில்லை, அதைப் படிப்பது மட்டும் நிற்கும். துணுக்கு நீங்கினால் திரும்பப் படிக்க முடியும்.

தொற்றும் நாய்க் கட்டியில் இப்படி மூன்று சங்கதிகள் முக்கியம்.

முதலாவது, பெருக்கத்தைத் தூண்டும் மரபணு. மிக் என்று ஒரு மரபணு எல்லாச் செல்லிலும் உண்டு. செல் எப்போது பெருக வேண்டும் என்பதில் அதற்குப் பெரிய பங்கு. இந்தக் கட்டியில் அந்த மரபணுவுக்கு அருகில் லைன்-1 என்ற மரபணுத் துண்டு ஒன்று வந்து செருகிக்கொண்டிருக்கிறது. உலகில் எங்கே எடுத்த கட்டியானாலும் இந்தச் செருகல் அதே இடத்தில் இருக்கும், கட்டியைச் சுமக்கும் நாயின் சொந்தச் செல்லில் அது இருக்காது. ஆய்வகத்தில் இந்த நோயை ஐயமில்லாமல் அடையாளம் காண இதைத்தான் தேடுகிறார்கள்.

இரண்டாவது, அடையாளம் காட்டும் மரபணுக்கள். உடலின் ஒவ்வொரு செல்லும் தான் யாருடையது என்பதைக் காட்ட எம்.எச்.சி. என்ற புரதங்களை வெளிப்புறத்தில் வைத்திருக்கும். மாட்டின் காதுவில்லை போன்றது அது. நோய் எதிர்ப்புச் செல்கள் சுற்றி வரும்போது வில்லையைப் பார்க்கும். வேறு உடலின் வில்லை என்றால் தாக்கும். மனிதருக்குச் சிறுநீரகம் மாற்றும்போது உடல் அதை ஏற்காமல் போவதற்குக் காரணம் இந்த வேறுபாடுதான். அப்படியானால் அன்னிய நாயின் செல்லான இந்தக் கட்டியையும் உடல் உடனே தள்ளியிருக்க வேண்டும். தள்ளுவதில்லை. ஏனென்றால் வளரும் கட்டியின் செல்களில் பெரும்பாலானவை வில்லையைக் கழற்றி வைத்திருக்கின்றன. வில்லை செய்யும் மரபணுக்கள் அங்கே அழிந்துபோகவில்லை, உறங்குகின்றன.

மூன்றாவது, எதிரியைத் தணிக்கும் சுரப்பு. வில்லையே இல்லாத செல்லையும் பிடிக்க உடலில் தனிப் படை உண்டு. அதைச் சமாளிக்க இந்தக் கட்டி டி.ஜி.எஃப். பீட்டா என்ற பொருளைச் சுரக்கிறது. அருகில் வரும் எதிர்ப்புச் செல்களின் வேகம் அதனால் குறைகிறது. குரைக்கும் நாய்க்கு ரொட்டி போட்டுவிட்டுத் தோட்டத்துக்குள் நுழையும் திருடனின் வேலை இது.

உறக்கம் கலையும்போது

இந்தக் கட்டியின் வளர்ச்சியில் இரண்டு கட்டங்கள் உண்டு. ஆய்வுக்காக ஆரோக்கியமான நாய்களில் இதை வளர்த்துப் பார்த்தபோது சில மாதங்கள் வேகமாக வளர்ந்தது. பிறகு பல நாய்களில் மருந்தே இல்லாமல் சுருங்கத் தொடங்கியது. அந்தச் சமயத்தில் கட்டியை எடுத்துப் பார்த்தால், கழற்றி வைத்திருந்த வில்லைகள் திரும்ப வந்திருந்தன. கட்டிக்குள் நுழைந்த எதிர்ப்புச் செல்கள் இன்டர்லூக்கின்-6 என்ற பொருளைச் சுரந்து, கட்டியின் தணிக்கும் சுரப்பை முறித்திருந்தன. அதனால் உறங்கிய மரபணுக்கள் விழித்தன. உடல் கட்டியை அடையாளம் கண்டு தாக்கியது. இப்படித் தானாகக் கரைந்து பிழைத்த நாய்க்கு இதே கட்டியை மறுபடி வைத்தால் வளர்வதில்லை.

'அப்படியானால் தானாகச் சரியாகும் வரை காத்திருக்கலாமே' என்று தோன்றும். காத்திருக்கக்கூடாது. ஆய்வகத்து நாய்க்குத் தீனி, குடற்புழு நீக்கம், பராமரிப்பு எல்லாம் ஒழுங்காக நடக்கும். தெருவிலும் தோட்டத்திலும் வாழும் நாய்களில் தானாகக் கரைவது குறைவு. மெலிந்த நாய், நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்த நாய், சிறு குட்டி ஆகியவற்றில் கட்டி பெரிதாகிச் சிறுநீர்ப் பாதையை அடைக்கலாம், புண்ணாகி ஈ மொய்த்துப் புழு வைக்கலாம், அரிதாக நிணநீர்க் கணுக்களுக்கும் பரவலாம். காத்திருக்கும் ஒவ்வொரு மாதமும் மற்ற நாய்களுக்குக் கட்டி போய்க்கொண்டும் இருக்கும்.

மருந்து போடும்போது என்ன நடக்கிறது என்பதை லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியின் ஆராய்ச்சியாளர்கள் 2018-ல் வெளியிட்ட ஆய்வு விளக்குகிறது. வின்கிரிஸ்டின் என்ற மருந்து போடப்பட்ட நாய்களின் கட்டியிலிருந்து அவ்வப்போது சிறு துண்டு எடுத்து, எந்தெந்த மரபணுக்கள் விழித்தன, எவை அடங்கின என்று வரிசையாகப் பார்த்தார்கள். கரைவது ஒரே நாளில் நடப்பதில்லை, படிப்படியாக நடக்கிறது. முதலில் நாயின் பிறவி எதிர்ப்புச் சக்திக்கான மரபணுக்கள் விழித்தன, கட்டியை மூடியிருந்த மேல்தோல் திசுவும் மாறத் தொடங்கியது. அடுத்து எதிர்ப்புச் செல்கள் கூட்டமாகக் கட்டிக்குள் நுழைந்தன. அதன் பிறகு கட்டிச் செல்கள் பிரிந்து பெருகுவது நின்றது. கடைசியாகப் புண் ஆறும் வேலை நடந்தது. எதிர்ப்புச் செல்களைக் கூவி அழைக்கும் சிசிஎல்-5 என்ற புரதத்துக்கு இதில் முக்கியப் பங்கு இருக்கலாம் என்று கண்டார்கள். மரபணுக்கள் விழிப்பதும் அடங்குவதும் மேலே சொன்ன மீத்தைல் துணுக்குகளின் மாற்றத்தோடு சேர்ந்தே நடந்தன.

ஆக, மருந்து மட்டும் தனியாக நின்று கட்டியைக் கொல்வதில்லை. மருந்து தொடங்கிவைக்கிறது, நாயின் உடல் முடித்துவைக்கிறது. இரண்டில் எது குறைந்தாலும் வேலை அரைகுறையாகும்.

மருந்து வரும் செடி

வின்கிரிஸ்டின் எடுக்கப்படும் செடி விவசாயிகளுக்குப் புதிதல்ல. தென் மாவட்டங்களில் மானாவாரியாகப் பயிரிடப்படும் நித்தியகல்யாணிதான் அது. சுடுகாட்டு மல்லி என்றும் சொல்வார்கள். மடகாஸ்கர் தீவைச் சேர்ந்த இந்தச் செடியின் இலையிலிருந்து பிரிக்கப்பட்ட வின்கிரிஸ்டின் 1963-ல் அமெரிக்காவில் மனிதருக்கான புற்றுநோய் மருந்தாக அனுமதி பெற்றது. குழந்தைகளுக்கு வரும் ரத்தப் புற்றுநோய்க்கு இன்றும் முதன்மை மருந்துகளில் ஒன்று. இலையில் இது இருப்பது மிகமிகக் குறைந்த அளவில். ஒரு கிராம் மருந்துக்குப் பல நூறு கிலோ காய்ந்த இலை வேண்டும்.

செல் இரண்டாகப் பிரியும்போது குரோமோசோம்களை இரு பக்கமும் இழுக்க நுண்ணிய இழைகள் உருவாகும். வின்கிரிஸ்டின் அந்த இழைகளை உருவாகவிடாது. வேகமாகப் பிரியும் செல்லுக்குத்தான் அடி அதிகம். புற்றுநோய்க் கட்டி சுருங்குவது அதனால்தான். ரத்தத்தின் வெள்ளையணுக்கள் சில நாட்களுக்குக் குறைவதும் அதே காரணத்தால்தான்.

செய்ய வேண்டியவை

முதலில் நோயை உறுதி செய்ய வேண்டும். கால்நடை மருத்துவர் கட்டியின் மேல் கண்ணாடித் தகட்டை ஒற்றி எடுத்து, சாயம் ஏற்றி, நுண்ணோக்கியில் பார்ப்பார். உருண்டையான செல்லும் அதற்குள் தெளிந்த சிறு குமிழ்களும் தெரிந்தால் இந்த நோய்தான். எளிய சோதனை இது. அருகில் வசதி இல்லை என்றால் சென்னை வேப்பேரி, நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் பார்க்கலாம்.

வின்கிரிஸ்டின் வாரம் ஒரு ஊசியாக நரம்பில் போடப்படும். பெரும்பாலான நாய்களுக்கு 4 முதல் 6 ஊசிகள் தேவைப்படும், சிலவற்றுக்கு 8 வரை போகலாம். பத்தில் ஒன்பது நாய்களுக்கு மேல் இதிலேயே குணமாகின்றன. மருந்து விலை அதிகமுள்ளதும் அல்ல.

ஒன்றிரண்டு ஊசியிலேயே ரத்தம் சொட்டுவது குறைந்து கட்டி சுருங்கிவிடும். 'சரியாகிவிட்டது' என்று பலர் நிறுத்துவது இங்கேதான். கண்ணுக்குத் தெரியாத செல்கள் உள்ளே மிச்சம் இருக்கும். உடலின் எதிர்ப்பும் அப்போதுதான் வேலையைத் தொடங்கியிருக்கும். மருத்துவர் போதும் என்று சொல்லும் வரை வாரம் தவறாமல் போட வேண்டும். கத்தி வைத்து வெட்டி எடுப்பது மட்டும் போதாது. வெட்டிய இடத்தில் மறுபடி முளைப்பது சாதாரணம்.

இந்த ஊசியை வீட்டிலோ தோட்டத்திலோ தாங்களாகப் போடக்கூடாது. நரம்பை விட்டு ஒரு சொட்டு வெளியே கசிந்தாலும் அந்த இடத்துச் சதை அழுகும். ஒவ்வொரு ஊசிக்கு முன்னும் ரத்தத்தில் வெள்ளையணு எண்ணிக்கை பார்ப்பது நல்லது. ஊசி போட்ட மூன்று நாட்கள் வரை நாயின் சிறுநீர், மலம், வாந்தி ஆகியவற்றைக் கையுறை போட்டு அகற்றி, இடத்தை நிறைய நீர் விட்டுக் கழுவ வேண்டும். கர்ப்பிணிகளும் குழந்தைகளும் அந்த நாட்களில் நாயிடமிருந்து விலகியிருக்கட்டும். நோய் தொற்றும் என்பதற்காக அல்ல, மருந்தின் மிச்சம் கெடுதல் என்பதற்காக. பிள்ளைகளைப் பற்றி வாசகர் கேட்டதற்கு இந்த ஒரு எச்சரிக்கைதான் பதில்.

நாயின் உடல் பாதி வேலையைச் செய்கிறது என்பதால் அதற்குத் தெம்பு வேண்டும். வெறும் கஞ்சி, பழைய சோறு போதாது. முட்டை, கறிக்கழிவு வேகவைத்தது, பருப்பு என்று புரதம் சேர வேண்டும். குடற்புழு நீக்க வேண்டும். உண்ணிக் காய்ச்சல் இருக்கிறதா என்று பார்த்து அதற்கும் மருத்துவம் செய்ய வேண்டும். அரிப்புக்கும் புண்ணுக்கும் கடையில் கேட்டு ஸ்டீராய்டு மருந்து வாங்கிக் கொடுப்பது கூடவே கூடாது. அது எதிர்ப்புச் சக்தியை அடக்கும். கட்டிக்கு அதுதான் வேண்டும்.

சிகிச்சை முடியும் வரை நாயைக் கட்டியோ அடைத்தோ வைக்க வேண்டும். மற்ற நாய்கள் நெருங்கக்கூடாது. பட்டிக்குள் ஆடுகளோடு கட்டி வைப்பதில் தடையில்லை, ஆட்டுக்கு இது ஒட்டாது. அந்தக் கடுவனோடு பழகிய பெட்டை நாய்களையும் அடுத்த ஆறு மாதங்களுக்குக் கவனித்துவர வேண்டும். இணைசேர்ந்து இரண்டு முதல் ஆறு மாதங்களுக்குள் கட்டி தெரிய வரும்.

இதையொட்டிய வேறு கேள்விகள்

பெட்டை நாய்க்கு ரத்தம் வந்தால் அது பருவமா, நோயா?

பெட்டை நாய் ஆண்டுக்கு ஏறத்தாழ இருமுறை பருவத்துக்கு வரும். அப்போது ஒரு வாரம் முதல் பத்து நாள் வரை ரத்தம் கசிந்து நிற்கும். மூன்று வாரம் தாண்டியும் சொட்டுச் சொட்டாக வந்தால், நாய் அந்த இடத்தை ஓயாமல் நக்கினால், உள்ளே சதை தெரிந்தால் மருத்துவரிடம் காட்ட வேண்டும். வயதான பெட்டை நாய்க்குச் சீழ் கலந்து வந்து, நாய் அதிகமாகத் தண்ணீர் குடித்துச் சோர்ந்திருந்தால் அது கருப்பையில் சீழ் பிடித்ததாக இருக்கலாம். அதை ஒரு நாள்கூடத் தள்ளிப்போடக்கூடாது. மூக்கின் ஒரு பக்கத்திலிருந்து மட்டும் ரத்தம், அடிக்கடி தும்மல் என்றால் மூக்கில் இந்தக் கட்டி வந்திருக்கக்கூடும்.

ராஜபாளையம், சிப்பிப்பாறை நாய்களை இணைசேர்க்க வெளியிலிருந்து கடுவன் கொண்டுவருகிறோம். என்ன பார்க்க வேண்டும்?

ஒரு கடுவன் பல ஊர்ப் பெட்டைகளோடு சேர்வதால் இந்தக் கட்டி பரவ அதுவே நல்ல வழியாகிவிடுகிறது. இணைசேர்க்கும் முன் இரண்டு நாய்களையும் மருத்துவரிடம் காட்ட வேண்டும். கடுவனின் குறியை முழுமையாக வெளியே எடுத்து அடிப்பகுதி வரை பார்க்க வேண்டும், கட்டி பெரும்பாலும் அங்கேதான் தொடங்கும். பெட்டையை உள்விரல் சோதனை செய்ய வேண்டும். வம்சாவளியைப் பார்ப்பவர்கள் இதையும் பார்த்தால் ஒரு நல்ல கடுவனின் பெயர் கெடாது. வின்கிரிஸ்டின் போட்ட கடுவனின் விந்தின் தரம் சில காலம் குறையும். எப்போது இணைசேர்க்கலாம் என்பதை மருத்துவரைக் கேட்டு முடிவு செய்ய வேண்டும்.

நித்தியகல்யாணி வீட்டிலேயே இருக்கிறது. இலையை அரைத்து நாய்க்குக் கொடுத்தால் போதாதா?

கூடாது. மருந்தாகும் பொருள் இலையில் இம்மியளவுதான். கூடவே இருக்கும் மற்ற ஆல்கலாய்டுகள் பல. அரைத்துக் கொடுத்தால் கட்டி கரையும் அளவு மருந்து போகாது, நாய்க்கு நஞ்சேறும் அளவு மற்றவை போய்விடும். ஆடு மாடுகள் இந்தச் செடியைத் தொடாமல் விலகிப்போவதைப் பார்த்தாலே இது விளங்கும்.

வேறு விலங்குகளுக்கும் இப்படித் தொற்றும் புற்றுநோய் உண்டா?

மிகச் சிலவற்றுக்கே. ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாத் தீவில் டாஸ்மேனியன் டெவில் என்ற விலங்குக்கு முகத்தில் வரும் கட்டி 1996-ல் முதலில் காணப்பட்டது. ஒன்றையொன்று கடிப்பதால் பரவி, அந்த இனத்தையே அழிவின் விளிம்புக்குக் கொண்டுபோயிருக்கிறது. அங்கேயும் கட்டிச் செல்கள் எம்.எச்.சி. வில்லை செய்யும் மரபணுக்களை அடக்கி வைத்துத்தான் தப்பிக்கின்றன. கடல் மட்டிகள் சிலவற்றிலும் தொற்றும் புற்றுநோய் இருக்கிறது. கறவை மாடு, ஆடு, கோழி எதற்கும் இப்படி ஒன்று கண்டறியப்படவில்லை.

ஊரிலிருந்தே இதை ஒழிக்க வழி உண்டா?

உண்டு. பிரிட்டனில் ஒரு காலத்தில் இந்த நோய் இருந்தது. இருபதாம் நூற்றாண்டில் நாய்களைத் தெருவில் அலையவிடக்கூடாது என்ற கட்டுப்பாடு இறுகியதும் உள்ளூரில் இது மறைந்துபோனது. கட்டிக்கென்று தனித் திட்டம் எதுவும் போடப்படவில்லை. இணைசேர வழியில்லாமல் போனதும் கட்டிச் செல்லுக்கு அடுத்த உடல் கிடைக்கவில்லை, அவ்வளவுதான். எட்டாயிரம் ஆண்டு வரை வாழ்ந்த புற்றுநோயின் பலவீனம் அது. ஒட்டுவதற்கு அடுத்த வேர்ச்செடி கிடைக்காவிட்டால் கிளை காய்ந்துவிடும்.

தெருநாய்களுக்கு உள்ளாட்சி அமைப்புகள் செய்யும் கருத்தடை அறுவை சிகிச்சை இந்த வகையிலும் பயன்படுகிறது. தோட்டத்து நாய் இனவிருத்திக்கு வேண்டாம் என்றால் அதற்கும் செய்துவிடலாம். காவல் திறன் குறையும் என்ற பயம் தேவையில்லை. பெட்டை தேடி இரவெல்லாம் ஊர் சுற்றுவது நின்று, நாய் பட்டியோடு இருக்கும். திருப்பூர் வாசகரின் கடுவனுக்கும், ஊசிகள் முடிந்து கட்டி முழுதும் கரைந்த பிறகு இதைச் செய்துவிடுவது நல்லது. அதுவரை செய்ய வேண்டியது, இந்த வாரமே நாயை மருத்துவரிடம் கொண்டுபோவதுதான்.